வலப்பக்கத்துப் பெயர்

ஹாட்லி, நெப்ராஸ்கா
31 மே 1994

திருமதி நடீன் ஏக்கர்மன் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்றே கொள்கிறேன். நானும் நலம்; ஆனால் எழுதுவது அதைப் பற்றி அன்று.

நேற்று நினைவு நாள், ஊரே கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். வழக்கம்போல, நீங்கள் நட்ட பியோனிச் செடியின் பூக்களைக் காப்பி டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நம் மகள் ட்ரூடியைப் புதைத்த ஆண்டு நாம் சேர்ந்து நிறுத்திய கல்லில் மூன்று பெயர்கள் இருந்தன. நடுவில் அவள் பெயர், 1966–1977. இடப்பக்கம் என் பெயர், வலப்பக்கம் உங்கள் பெயர். பிறந்த ஆண்டும் ஒரு கோடும் மட்டும், மீதியைக் காலம் வரும்போது வெட்டிக்கொள்ளலாம் என்று. இப்போது வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை. எழுத்துகளை அரைத்தெடுத்து, மெருகேற்றி, கண்ணாடிபோல் ஆக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன், என் முகம் தெரிந்தது.

என்னை விட்டுப் போனது உங்கள் உரிமை. பதினோரு ஆண்டுகள் கழித்து மறுமணம் செய்துகொண்டதும் உங்கள் உரிமை. விவாகரத்துத் தீர்ப்பை வரிக்கு வரி படித்தவன் நான். மகளை விட்டு விலகுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பிப்ரவரியில் திருமணம், மே மாதத்துக்குள் கல்லில் பெயர் இல்லை. இந்த அவசரம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அதைவிட விளங்காதது, ஊருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. இன்று காலை நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. தானியக் கிடங்கு வெர்ல், "கல்லைப் பாத்தீங்களா வக்கீலய்யா? சுத்தமா இருக்குல்ல?" என்றான். பரிசு கொடுத்தவன் சிரிப்பதுபோலச் சிரித்தான்.

எழுத்து மூலமான விளக்கத்தை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கார்ல்டன் ரீம்ஸ்

*

டூசான், அரிசோனா
6 ஜூன் 1994

அன்புள்ள கார்ல்டன்,

இருபது வருஷம் 'நீ' என்று எழுதிய கை 'நீங்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், உறையில் இருப்பது என் பெயர்தானா என்று திருப்பிப் பார்த்தேன்.

உங்கள் கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்து நான்கு தடவை படித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் கல்லைத் தொடும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதவில்லை, தொலைபேசியில் பேசவும் இல்லை. நீங்களே செய்துவிட்டு என் மேல் பழி போடுகிறீர்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு, கோபம் வந்தால் நீங்கள் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பீர்களே தவிரப் பொய் சொல்ல மாட்டீர்கள் என்பது நினைவுக்கு வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். ஹாவர்டை மணக்கச் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். "நான் செத்தா ஹாட்லிக்குக் கொண்டுபோயிடணும். எம்பொண்ணு பக்கத்துல எடம் இருக்கு" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அப்போ நான் எங்க படுக்கறதாம்?" என்றார். "உங்க மொதல் சம்சாரம் பக்கத்துல. அவங்களும் காத்துக்கிட்டுதானே இருப்பாங்க" என்றேன். சிரித்துச் சம்மதித்துவிட்டார்.

அந்த இடம் எனக்கு இன்னும் இருக்கிறதா, கார்ல்டன்? பெயரை எடுத்தவர்கள் நிலத்தையும் எடுத்துவிட்டார்களா? விசாரியுங்கள். நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

பியோனி மொட்டுகளைத் திறக்க வருஷா வருஷம் வருமே, அந்த எறும்புகள் வந்தனவா?

நடீன்

*

ஹாட்லி
14 ஜூன் 1994

நடீனுக்கு,

மூன்று பேரை விசாரித்தேன். சாட்சிகள் முரண்படவில்லை, என்னைக் குழப்புவது அதுதான்.

முதலில் கல்லறைச் சங்கச் செயலாளர் ஆர்லீன் ஸ்டோல்ட்ஸ். கதவைத் திறந்ததும், "நன்றியெல்லாம் சொல்லாதீங்க கார்ல்டன். உள்ள வாங்க, கேக் இருக்கு" என்றாள்.

"எதுக்கு நன்றி?"

"கல்லுக்குத்தான். நாங்க எல்லாரும் சேந்துதான் செஞ்சோம். நினைவு நாளைக்கு முன்னாடி முடிச்சுடணும்னு ஒரே ஓட்டம்."

"யார் செய்யச் சொன்னா?"

"நல்லா கேட்டீங்க. நீங்கதான்."

உன் மறுமணச் செய்தி நம் ஊர் வாரப் பத்திரிகையில் வந்த அன்று, காப்பிக் கடையில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கல்லுல அவ பேருக்கு இனிமே என்ன வேலை? எடுத்துட வேண்டியதுதான்" என்று நான் சொன்னேனாம். ஆர்லீன் கேட்டாள். வெர்ல் கேட்டான். காப்பி ஊற்றிய ஜோனெட் கேட்டாள். மூவரும் ஒரு சொல்லும் மாறாமல் சொல்கிறார்கள். எனக்கு அது நினைவில் இல்லை. முப்பது ஆண்டுகள் பிறர் நினைவைக் குறுக்கு விசாரணை செய்தவனுக்குத் தன் நினைவை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ட்ரூடி போனப்பவும் சரி, நடீன் போனப்பவும் சரி, எங்களை எதுவும் செய்ய விட்டீங்களா? சமைச்சுக் கொண்டுவந்ததைக்கூடத் திருப்பி அனுப்பினீங்க. இத்தனை வருஷத்துல மொதத் தடவையா ஒண்ணு கேட்டீங்களேன்னு…" என்று ஆர்லீன் அழுதாள்.

இந்த ஊரை நீ அறிவாய். ஆகஸ்டில் காரைப் பூட்டாமல் விட்டால் பின்சீட்டு நிறையத் தோட்டத்தில் விளைந்த சீமைச் சுரைக்காயைப் போட்டுவிட்டு, யார் போட்டதென்று மூச்சுவிடாத ஊர். அந்தக் கருணையில்தான் இதையும் செய்திருக்கிறார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. "நீங்க அரைச்செடுத்தது என் கோபத்தை இல்ல ஆர்லீன், ஒரு தாயோட எடத்தை" என்று மட்டும் சொன்னேன். கேக்கைத் தொடாமல் வந்துவிட்டேன்.

நிலம் உன்னுடையதுதான். நீதிமன்றப் பதிவேட்டை நேரில் பார்த்தேன். பெயரை மறுபடி வெட்டலாம் என்கிறார் கல் வெட்டுபவர். ஆனால் அரைத்த இடம் தாழ்ந்துவிட்டதால், அது ஒரு பள்ளத்துக்குள் கிடப்பதுபோலத் தெரியுமாம். என்ன செய்யட்டும்?

எறும்புகள் வந்தன.

கார்ல்டன்

*

டூசான்
21 ஜூன் 1994

அன்புள்ள கார்ல்டன்,

நிலம் இருக்கிறது என்ற வரியை ஹாவர்டைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அது போதும்.

பெயர் வேண்டாம். பள்ளத்துக்குள் கிடந்தால் ஒவ்வொரு நினைவு நாளும் யாராவது கைநீட்டிக் காட்டுவார்கள், "இவதான் விட்டுட்டுப் போனவ" என்று. ட்ரூடிக்குப் பக்கத்தில் அந்தப் பேச்சு வேண்டாம். நான் பெயரில்லாமலே படுத்துக்கொள்கிறேன்.

ஆர்லீனை நோகடிக்காதீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அன்று அப்படிச் சொன்னபோது, அதை மனதாரத்தான் சொன்னீர்களா?

நடீன்

*

ஹாட்லி
29 ஆகஸ்ட் 1994

நடீனுக்கு,

உன் சொல்லை மீறிவிட்டேன். கல் வேலை நேற்று முடிந்தது. உன் பெயர் பழைய இடத்தில், பழைய எழுத்தில், ஆண்டும் கோடுமாக இருக்கிறது. பள்ளத்தை நினைத்து நீ அஞ்சினாய். ஆகவே என் பெயரையும் அரைத்தெடுக்கச் சொல்லி, அதே ஆழத்தில் மறுபடி வெட்டவைத்தேன். "நல்லா இருக்கற பேரை யாராவது அழிப்பாங்களா?" என்று கல் வெட்டுபவர் இரண்டு தடவை கேட்டார். அளவுகோல் வைத்து நானே பார்த்தேன். இரண்டு பக்கமும் சமம். இனி எவரும் ஒருவரை மட்டும் கைநீட்டிக் காட்ட முடியாது.

வெர்ல் வேலியருகே நின்று, "இது யாரு சொல்லிச் செய்யறது?" என்றான். "நான்தான். இந்தத் தடவை ஞாபகம் இருக்கு" என்றேன்.

இன்று மாலை என் காரில் ஆறு சீமைச் சுரைக்காய்கள் கிடந்தன. திருப்பி அனுப்பவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: சொன்னது எனக்கு நினைவில்லை. நினைத்தது நினைவிருக்கிறது.

நான் எதிர்பாராத ஒன்று நடந்திருக்கிறது. இருபுறமும் தாழ்ந்ததால், நடுவில் ட்ரூடியின் பெயர் சற்றே எழும்பி நிற்கிறது. தோட்டத்து வாயிலிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

கார்ல்டன்