நாலு கட்டத்துக்குள் என் மகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய வாலு படக்கதையை மதியத்துக்குள் முடித்துப் பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று. வாலு வர ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறதாம், ஆசிரியர் போனில் ஞாபகப்படுத்தினார். மகளுக்கு அப்போது நாலு வயது. காலுறையும் ஷூவும் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். "காலுக்கு மட்டும் ஏன்மா ரெண்டு சட்டை? அதுக்கு அவ்ளோ குளிருதா?" என்றாள். அதை நாலு கட்டப் படக்கதையாக வரைந்து கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் கடைசிப் பக்கத்தில் வாலு. மகளுக்குப் பதினாலு ஆகிவிட்டது, வாலுவுக்கு இன்னும் நாலு வயதுதான்.

"எங்கேர்ந்து மேடம் தினமும் ஒண்ணு வருது உங்களுக்கு?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். எங்கிருந்து வரும்? எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

குளியலறைக்கு வெளியே துண்டோடு நின்றேன். உள்ளே மகள் கண்ணாடியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல." பிறகு சிரித்துக்கொண்டே அதே வாக்கியம். பிறகு அலட்சியமாக. பிறகு குரல் உடைந்து போக, "ச்சே, இது வேணாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

நாலு தடவை, நாலு கட்டம். மேஜைக்கு வருவதற்குள் மனசில் படம் முடிந்துவிட்டது. இப்படித் தானாக வந்து மடியில் விழுந்து எத்தனை நாளாயிற்று. மத்தியானம் முழுக்க விசிலடித்துக்கொண்டே மை தீட்டினேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று அது அச்சில் வந்தது.

மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். சில வாரங்களாக அவளோடு பேசாத தோழி ஒருத்தி இருக்கிறாளாம். எனக்குத் தெரியாது. அந்தத் தோழி படத்தை வெட்டி இவள் மேஜையில் ஒட்டியிருக்கிறாள். வகுப்பே அந்த வாக்கியத்தை நாலு குரலில் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறது.

"வாலு யாருன்னு எல்லாருக்கும் தெரியும்மா. இன்னிக்குத்தான் அவகிட்ட போய்ப் பேசலாம்னு இருந்தேன்."

"நான் சும்மா தமாஷுக்கு—"

"கதவு சாத்தித்தானே இருந்துச்சு?"

அவள் உள்ளே போன பிறகு என்னை நானே கேட்டுக்கொண்டேன்:

எதுக்கு வரைஞ்சே? ஒரு நிமிஷமாவது யோசிச்சியா? அவ யாருக்காக அப்படிப் பேசிப் பாக்கறான்னு கேக்கத் தோணுச்சா உனக்கு? நல்லா அமைஞ்சுதுன்னு விசில் வேற.

மார்ச் 13, வெள்ளி

இனி அவள் சொன்னது, செய்தது எதுவும் வாலுவுக்குப் போகாது என்று வாக்குக் கொடுத்தேன். தலையை மட்டும் ஆட்டினாள். கணவர் சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தார். "என்னை வரைஞ்சுக்கோ. வகுப்புல யாரும் என்னைக் கேலி பண்ண மாட்டாங்க." யாரும் சிரிக்கவில்லை. பாவம், அவரே ஒரு தடவை சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

மார்ச் 20, வெள்ளி

நாலு கட்டம். நாலும் வெள்ளை.

மார்ச் 24, செவ்வாய்

பழைய வாலுக்களையே மறுபடி போட்டு ஒப்பேற்றுகிறார்கள். நான் பூங்காவுக்குப் போனேன். சறுக்குமரத்துக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளின் பேச்சுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து நின்றாள். "நீங்க யாரோட வந்திருக்கீங்க?"

"யாரோடயும் இல்ல."

அவள் தன் பையனைச் சறுக்கின் நடுவிலிருந்தே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் தூக்கியிருப்பேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆசிரியர் ஒரு வழி சொன்னார். நகைச்சுவை எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறாராம். "வாய் அவர் குடுக்கட்டும், கை நீங்க குடுங்க."

அவர் ஒரு கத்தை ஜோக் அனுப்பியிருந்தார். முதல் ஜோக்குக்கே பல்லெல்லாம் கொட்டி முடி நரைத்திருந்தது. இருந்தாலும் வரைந்தேன். வாலு வாயைத் திறக்கிறாள், யாரோ ஒரு பெரிய மனுஷர் பின்னால் நின்று பேசுகிறார். மூன்றாவது கட்டத்தில் எனக்கே அவளைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

சமையலறையில் மகளும் அவள் அப்பாவும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போனேன். சிரிப்பு நின்றது. "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல."

பத்து வருஷமாக இந்த வீட்டின் பேச்சைத் தின்றே பிழைத்திருக்கிறேன். இப்போது நான் உள்ளே வந்தால் வீடு வாயை மூடிக்கொள்கிறது.

அந்த வருஷங்களில் அவள் பேசியபோதெல்லாம் நான் அவளைக் கேட்டேனா, அடுத்த கட்டத்தைக் கேட்டேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மத்தியானம் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். வெகு நாளைக்குப் பிறகு என்னைப் பக்கத்தில் இருக்க விட்டாள். அரைத்தூக்கத்தில் சொன்னாள்: "அம்மா, என் தலையைக் கொஞ்ச நேரம் நீ வெச்சுக்கறியா? கனமா இருக்கு."

என் கை தானாகப் பென்சிலைத் தேடியது. மாத்திரை டப்பாவின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன், நிமிர்ந்தால் அவள் கண் திறந்திருக்கிறது.

கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "துணியை நானே வெச்சுக்கறேன். நீ போம்மா" என்றாள்.

என்ன ஜென்மம் நான்? பிள்ளை கொதிச்சுப் போய்க் கிடக்கு. கனமா இருக்குன்னு சொல்லுது. அதை வாங்கி மடியில வெச்சுக்கத் தெரியல, டப்பாவுல எழுதறேன். யாருக்கு வேணும் இந்தப் படம்? யாரு கேட்டா?

ஏப்ரல் 20, திங்கள்

மகளுக்குத் தேவலை. கஞ்சி குடித்தாள், என்னைப் பார்க்காமல்.

பத்திரிகை அலுவலகத்துக்கு நேரிலேயே போய்ச் சொன்னேன். வாலு இனி வரமாட்டாள்.

"வாலுவுக்கு வயசே ஆகாது மேடம். அதுதானே அழகு?"

"அவளுக்கு ஆகல சார். எங்க ரெண்டு பேருக்கும் ஆயிடுச்சு."

அந்த இடத்தில் என்ன போடுவது என்றார். தெரியாது என்றேன். யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். அதுவரை குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கொள்வதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "ம்" என்றாள். தியாகம் செய்துவிட்டு வந்து கைதட்டல் எதிர்பார்த்தேனோ?

மே 4, திங்கள்

பழைய வாலுக்களைப் பெட்டியில் கட்டிவைக்கும்போது கவனித்தேன். வாலுவின் அம்மாவுக்கு முகமே இல்லை. சீப்பு பிடித்த கை, துண்டு பிடித்த கை, கரண்டி பிடித்த கை. எல்லாம் கட்டத்தின் ஓரத்திலிருந்து நீளும் கைகள். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட முழுசாக உள்ளே வரவில்லை.

கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டேன். மூக்கு வரவில்லை. அழகாக வருகிறது, என் மூக்காக வரவில்லை.

மே 13, புதன்

முன்பெல்லாம் ஒரு வாலுவைக் காலை காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். என்னையே வரையும் இது ஒன்றுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பூங்காவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். யாரோடு வந்தாய் என்று கேட்கிறார்கள். யாரோடும் இல்லை. கடைசிக் கட்டத்தில் சீசா பலகையின் ஒரு முனையில் ஏறி அமர்ந்திருக்கிறாள், எதிர்முனை காலியாக வானத்தில் நிற்கிறது.

வரையும்போது காது மடல் சூடாகிக்கொண்டே இருந்தது. அன்றைக்குப் பட்ட அவமானம் மறுபடி முழுசாக வந்தது. கணவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "மூக்கு கொஞ்சம் தாராளம்" என்றார். பிறகு, "ஆனா நீதான்."

மே 24, ஞாயிறு

வந்துவிட்டது. புதுப் படக்கதை தினமும் இல்லை, இனி ஞாயிறு மட்டும்; அதுவும் எத்தனை ஞாயிறு என்று ஆசிரியர் சொல்லவில்லை. மகள் பேப்பரை விரித்தாள், பார்த்தாள், மடித்து வைத்தாள்.

மே 28, வியாழன்

வாசகர் கடிதங்கள். வாலு எங்கே, வாலு எங்கே என்றுதான் பெரும்பாலும். ஒருவர் எழுதியிருக்கிறார்: "இந்த அம்மாவைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருக்கிறது." தப்புப் பண்ணிட்டேனா?

ஜூன் 3, புதன்

பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது ஒன்று தோன்றியது. வாயில் கருவி, கையை அசைக்காதீங்க என்று அதட்டல். குறித்துக்கொள்ள வழியில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது போகாமல் இருந்தது. வரைய உட்கார்ந்தேன்.

ஜூன் 13, சனி

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாமல் திண்டாடுவதைப் பார்த்து மகள் மறுமுனையைப் பிடித்தாள். ஒரு மடிப்புக்கு ஒரு தடவை பக்கத்தில் வந்தாள், விலகினாள், மறுபடி வந்தாள். கடைசி மடிப்பில் விரிப்பை விடவில்லை.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். நடுவில் கொஞ்சம் அழுதாள், ஓரிடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் குறுக்கே பேசவில்லை. விரிப்பு எங்கள் இரண்டு பேர் கையிலும் இருந்தது. "அப்பாகிட்டகூட இன்னும் சொல்லல" என்றாள். மிச்சத் துணிகளையும் சேர்ந்தே மடித்துக் கீழே கொண்டுவந்தோம்.

என்ன சொன்னாள் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.