ஆட்டக்காரியின் பீடத்தில் ஒரு கை

உன் கல்யாண மோதிரம் இப்போது என் மேசையில் இருக்கிறது, மச்சான். திருடவில்லை, தங்கச்சியிடம் கேட்டுத்தான் வாங்கி வந்தேன்.

சிதம்பரத்துக்கு வெளியே குளக்கரை மண்டபத்தில் நாம் எடுத்த படங்களையெல்லாம் சேர்த்து, அந்த ஆட்டக்காரி சிலையைப் போன வாரம் கணினியில் முப்பரிமாணத்தில் எழுப்பினேன். அளவுகோல் கொண்டுவர அன்றும் மறந்திருந்தாய். பீடத்தில் கையை ஊன்றிக்கொண்டு நீ அசையாமல் நிற்க, நான் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தேன். "டேப்பு வாங்கியாந்து அளந்துடலாமே" என்றேன். "கல்லு எங்க ஓடிடப் போவுது? அடுத்த வாட்டி பாத்துக்கலாம், வுடு மச்சான்" என்றாய். அடுத்து வந்த புயலில் அரசமரம் சாய்ந்து மண்டபமும் சிலையும் நொறுங்கின. பிறகு நீயும் போய்விட்டாய்.

ஊருக்குள் ஒரு பழைய கோயிலில் காலியாகக் கிடக்கும் மாடத்திலிருந்து வந்தவள்தான் இவள் என்று நீ சாதிப்பாய். இல்லவே இல்லை என்பேன் நான். டீ ஆறிப்போகும் வரை சண்டை போடுவோம். மாடத்தை நான் அளந்தாயிற்று; அவள் உயரமும் தெரிந்தால் வழக்கு தீர்ந்துவிடும். ஆனால் அவள் சாண் உயரமா, ஆள் உயரமா என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? அளவு தெரிந்த பொருள் ஏதாவது படத்தில் இருந்தாக வேண்டும்.

கூட வேலை பார்க்கும் பெண் திரையை எட்டிப் பார்த்து, "சார், அந்தக் கை இடைஞ்சலா இருக்கு, டெலிட் பண்ணிடட்டுமா?" என்றாள். "தொடாதம்மா!" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் உன் விரலில் மோதிரத்தைக் கவனித்தேன்.

உடனே கடலூருக்குப் பஸ் ஏறினேன். விஷயத்தைக் கேட்டதும் தங்கச்சி சிரித்துவிட்டாள். "இருந்தவரைக்கும் ஒரு ஸ்கேலு எடுத்துனு போவல அவுரு. இப்ப அவுரு மோதிரமே ஸ்கேலாண்ணே?" என்றவள், பீரோவைத் திறந்துகொண்டு வெகுநேரம் திரும்பவேயில்லை.

மோதிரத்தின் விட்டத்தை அளந்து கணினிக்குச் சொன்னேன். உயரம் வந்தது. அந்த மாடத்தைவிட நாலு விரற்கடை அதிகம். தோற்றுவிட்டாய், மச்சான்! உன்னை வம்புக்கிழுக்கப் போனை எடுத்து உன் நம்பர் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் அழுதேன்.

அப்படியானால் அவள் எங்கிருந்துதான் வந்தாள்? நீ இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டதுமே வண்டியை எடுத்திருப்பாய். இப்போது காலி மாடம் எங்கே கண்டாலும் நானே அளந்து வருகிறேன். பையில் எப்போதும் டேப் இருக்கிறது. திரையில் அவளை ஒவ்வொரு மாடத்துக்குள்ளும் நகர்த்திப் பார்க்கும்போது, முதலில் உன் கைதான் சுவரில் இடிக்கிறது. இடிக்கட்டும், அழிக்க மாட்டேன்.