ஒரு கால் சிவப்பு, ஒரு கால் பச்சை

ஜனவரி 8

அன்புள்ள பட்டாணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். என் முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

பெற்ற பெண்ணோடு பேச அப்பன் தபால்தலை வாங்கவேண்டிய காலம் வந்துவிட்டது. பயிற்சியில் நடப்பதெல்லாம் வெளியே கசிகிறதாம். அதற்காகக் கால்பந்து முகாமில் இருக்கும் எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டாராம் உங்கள் கோச். விளையாடுகிறவர்களுடையதைப் பிடுங்கட்டும். அவர்களுக்கு முட்டியும் கணுக்காலும் பிடித்துவிடுகிற பிசியோ நீ, உன் போன் அவரை என்ன செய்தது? மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

போன சனிக்கிழமையும் தோற்றோம். மைதானத்துக் கிழக்கு ஸ்டாண்டில் எங்கள் வரிசை கொதித்துப்போயிருக்கிறது. கோல் வாங்கினாலும் சரி, போட்டாலும் சரி, அந்தக் கோச் மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு அதே முகத்தோடு நிற்கிறார். உம்மணாமூஞ்சி என்று சும்மாவா பெயர் வைத்தோம்? ரசிகர் மன்றம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தலைவர் சலூன்காரர் அவர் பக்கம். "ஒரே நாள்ல முடி வளருமாய்யா? இன்னும் ஒரு சீசன் குடுத்துப் பாப்போம்" என்கிறார். நான் 'போகட்டும்' கட்சி என்பது உனக்குத் தெரியும். வரும் ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு நம் தையல் கடையில் கூட்டம் போட்டு, கை தூக்கி முடிவெடுக்கப் போகிறோம். மன்றம் ஒரு முடிவு சொன்னால் நிர்வாகத்தால் அதைத் தட்ட முடியாது.

நீ உள்ளே இருப்பவள். அவர் போவாரா, இருப்பாரா? அப்பாவிடம் மட்டும் சொல்லு.

உறையைப் பார்த்தாயா? வெறுமனே ஒட்டினால் ஆவி காட்டிப் பிரித்துவிடுவார்கள். அதனால் ஊதா நூலில் மெஷினை ஓட்டி, கடைசியில் நம் கடை முடிச்சைப் போட்டிருக்கிறேன். அது எனக்கும் உனக்கும்தான் வரும். தையல் பிரிந்திருந்தால் உடனே எழுது. நீயும் இப்படியே தைத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா

ஜனவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

தையல் பிரியாமல் வந்தது. வாசல் காவலர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா டெய்லரா, ஆபரேஷன் பண்ற டாக்டராம்மா?" என்று கேட்டார். இங்கே மெஷின் இல்லை, நான் கையாலேயே தைத்திருக்கிறேன். முடிச்சு சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று ஒரு வரி இல்லை. அவர் போவாரா இருப்பாரா என்றுதான் இருக்கிறது. போன் இருந்தபோதும் இப்படித்தான். "எப்படிடா இருக்கே" என்று ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் என் வாயைப் பிடுங்குவீர்கள். கோல்கீப்பருக்குத் தோள் சரியில்லை என்று உங்களிடம் சொன்னேன். மறுநாள் ஸ்டாண்டே அதைப் பேசியது. தற்செயல் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாரம்தான் போன்களைப் பூட்டினார்கள்.

நீங்கள் உம்மணாமூஞ்சி என்கிறவர், அடிபட்ட பையன்கள் சிகிச்சை முடிந்து எழுந்திருக்கும்வரை என் அறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் உட்கார்ந்திருப்பார். அதை ஸ்டாண்டிலிருந்து பார்க்க முடியாது.

சரி, கேட்டதற்காக ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு மட்டும். மேட்ச் அன்றைக்கு அவர் ஒரு காலில் சிவப்புச் சாக்ஸும் இன்னொரு காலில் பச்சைச் சாக்ஸும் போடுகிறார். ராசியாம். கணுக்கால் வலி என்று வந்தபோது பார்த்தேன். அவருக்கும் எனக்கும்தான் தெரியும். வெளியே போனால் என் வேலைக்கே வேட்டு, அப்பா.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பட்டாணி

ஜனவரி 20

அன்புள்ள பட்டாணிக்கு,

நீ சாப்பிட்டாயா? தூங்கினாயா? எழுதிவிட்டேன், இனி குறை சொல்லாதே. முடிச்சு சரியாகத்தான் இருக்கிறது. வால் மட்டும் கொஞ்சம் நீளம்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. கடையில் உட்கார இடமில்லை, வெட்டுகிற மேஜைமேல்கூட ஆட்கள். சலூன்காரர் வக்கீல் மாதிரி வாதாடினார். "அடிபட்டவங்க பாதிப் பேர். இருக்கிற ஆளை வச்சுத்தானே அவரும் ஆட முடியும்? அவரை அனுப்பிட்டா அடுத்து வர்றவன் வானத்துல இருந்தா குதிப்பான்?" என்றார். கூட்டம் அவர் பக்கம் சாய்வது எனக்கே தெரிந்தது. அப்புறம் நான் எழுந்து இரண்டு வார்த்தை பேசினேன். சிரிப்பில் கடை அதிர்ந்துவிட்டது. கை தூக்கச் சொன்னபோது நம் பக்கம்தான் அதிகம். என்ன பேசினேன் என்பது நேரில்.

நீ கோச்சைப் பற்றி எழுதியதைப் படித்துக் கொஞ்சம் சங்கடப்பட்டேன். அப்பாவைப் பற்றி நீ யாரிடமாவது இப்படிப் பேசியிருப்பாயா என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று. நாங்கள் எந்த நிமிடம் கத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தமாதிரி, சரியாக அந்த நேரத்தில் மைதானத்து ஒலிபெருக்கி அலறுகிறது. "உன் பொண்ணு அங்கதானே இருக்கா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். அவர் வாயை அடைத்து உட்காரவைத்தேன்.

உன்னிடம் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. வரும் சனிக்கிழமை, இரண்டாவது பாதி தொடங்கும்போது எங்கள் ஸ்டாண்ட் முழுக்க எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்கப்போகிறது. சலூன்காரருக்கே இன்னும் தெரியாது. இது உன்னோடு இருக்கட்டும்.

அம்மா உனக்குச் சால்வை பின்னுகிறாள்.

அன்புடன்,
அப்பா

ஜனவரி 26

அப்பாவுக்கு,

நேற்று முதல் பாதியில் கிழக்கு ஸ்டாண்டில் நூறு கைகள் சாக்ஸ்களை ஆட்டின. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு பெரிய சாக்ஸ்கள் எழும்பின. ஓரத்தில் இரட்டைத் தையல். அதை யார் தைத்தது என்று நான் கேட்கவேண்டியதில்லை.

கோச்சுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இத்தனை காமிராவுக்கு முன்னால், பேன்ட்டை லேசாகத் தூக்கித் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். இரண்டும் கறுப்புச் சாக்ஸ்.

ஆமாம் அப்பா, கறுப்பு. எப்போதும் கறுப்புதான். சிவப்பும் பச்சையும் நான் கட்டிய பொய். உங்களைத் தவிர ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை. உங்களைச் சோதித்துப் பார்க்கத்தான் எழுதினேன். சோதிக்கிறோமே என்று ஒரு வாரம் மனசு அடித்துக்கொண்டது. நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள், நான்தான் வெட்கப்பட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டு எழுதப்போகிறேன் என்றுதான் மேட்சுக்கே போனேன்.

வேலைக்கு வேட்டு என்று எழுதியிருந்தேனே. அந்த வரி உங்கள் கண்ணில் படவே இல்லையா? வழியில் யாரோ பிரித்துப் படித்தார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முடிச்சு சரி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

உங்கள் மகள்

ஜனவரி 26

மகளுக்கு,

நேற்று மறுபடியும் தோற்றோம். நான் அதற்காக எழுதவில்லை.

இடைவேளையில் காவலாளிகள் வரிசையாக வந்து எங்கள் ஸ்டாண்டுக்குமுன் நின்றார்கள். சாதாரணமாக எந்த ஸ்டாண்டுக்கும் அத்தனை பேர் வரமாட்டார்கள். இரண்டாவது பாதி தொடங்கும்போது யாராவது எழுந்திருக்கிறார்களா என்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு திட்டமே கிடையாது. நான் இட்டுக்கட்டியது. அதை எழுதியது உனக்கு மட்டும்.

சலூன்காரர் என் காதில், "எதுக்குய்யா இவ்ளோ போலீஸ் வேலை?" என்றார். ஸ்டாண்டில் உன்னைத் தப்பாகப் பேசினவரிடம் சண்டைக்குப் போனவன் நான். நீ யார் பக்கம் என்று சொல்லிவிடு. தெரிந்தால் நிம்மதியாக இருப்பேன்.

அப்பா

பிப்ரவரி 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. இந்தத் திருட்டுப்புத்தி எங்கிருந்து வந்தது என்று அம்மா என்னைக் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது.

ஆமாம், நான்தான் சொன்னேன். கோச்சிடம் இல்லை, பாதுகாப்பு அதிகாரியிடம். ஏற்கெனவே ஒரு தடவை உங்கள் ஸ்டாண்டிலிருந்து பாட்டில் பறந்தது. 'போகட்டும்' கட்சி திரும்பி நிற்க, 'இருக்கட்டும்' கட்சி தள்ள, நடுவில் உங்கள் முட்டியோடு நீங்கள் படியில் உருண்டால்? அதுதான் பயம். ஒலிபெருக்கிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றவில்லை என்பது நிஜம்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கோச்சை அனுப்பிவிட்டார்கள். பேப்பரில் படித்திருப்பீர்கள். மன்றத்தின் தீர்மானத்தை நிர்வாகம் அவர் மேஜைமேல் வைத்ததாம். புறப்படுமுன் போய், சாக்ஸ் விஷயத்தைச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர், "உங்கப்பா நல்லா தைக்கிறாரும்மா. அவ்ளோ தூரத்துல இருந்தே மடிப்பு நேரா தெரிஞ்சுது" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் நீங்கள் கேட்பீர்கள், நானும் பழக்கதோஷத்தில் சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு விஷயம் எழுதுகிறேன். கோச்சுக்கு வேறொரு நாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு விமானம் மாறிப் போகவேண்டிய தூரம். மூன்று வருடம். தன்னோடு ஒரு பிசியோ வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் அறிவிக்கும்வரை இது வெளியே போகக்கூடாது. அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன்.

இந்த உறையை நான் தைக்கவில்லை. தைத்து என்ன பயன் என்று தோன்றியது.

பட்டாணி

பிப்ரவரி 14

என் பட்டாணிக்கு,

வெறுமனே ஒட்டிய உறையைப் பார்த்து அம்மா, "ஊசி உடைஞ்சு போச்சா அவளுக்கு?" என்றாள். கடிதத்தை எங்கே வைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

நீ கேட்டது சரி. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் வேலைக்கு வேட்டு என்ற வரியைப் படித்தேன், பட்டாணி. படித்துவிட்டும்தான் பேசினேன். கூட்டம் கையைவிட்டுப் போகிறதே என்கிற ஆத்திரம். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு.

பெரிய சாக்ஸ் இரண்டையும் பிரித்துவிட்டேன். மெஷினுக்குமேல் போர்த்த உதவும்.

நேற்று சலூன்காரர் கடைக்கு வந்தார். புதுக் கோச்சுக்கு ஆட்கள் இப்போதே பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். வழக்கம்போல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உள்ளே என்ன சேதி? பொண்ணு ஏதாவது எழுதினாளா?" என்று கேட்டார். "முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னா" என்றேன். "அவ்ளோதானா?" என்று சந்தேகமாகப் பார்த்தார். "அவ்ளோதான்" என்றேன். அம்மாவுக்கும் தெரியாது. சால்வையின் கடைசி வரிசையில் இருக்கிறாள். குளிர் அதிகமுள்ள ஊரா என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த மனுஷன் போகவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீயும் கூடப் போவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பலதடவை பார்த்துவிட்டேன். நீயும் என்னைப்போலத்தானே. ஒருவேளை இதுவும் சாக்ஸ்தானோ என்று ஒரு சந்தேகம். அப்பா இந்தத் தடவையாவது வாயை மூடிக்கொண்டிருக்கிறாரா என்று பார்ப்பதற்காக எழுதியிருப்பாய். மூடிக்கொண்டுதான் இருக்கிறேன், கண்ணு. யாரிடமும் சொல்லவில்லை.

பொய்தான் என்று ஒரு வரி எழுது. நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

அப்பா