ஊசி முனையில் ஒட்டிக்கொண்ட ஒன்று

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. என் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். கடையில் மேல்தட்டிலிருந்து மூக்குக்கண்ணாடி ஃபிரேம் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினேன், ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். எலும்பு முறியவில்லை, கட்டு மட்டும் போட்டிருக்கிறார்கள். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அது அவளுடையது, கருத்துப் பிழை இருந்தால் உன் அம்மாவுடையது, அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறாள். போனில் பேசலாம் என்றால் நீ அழுகிறாய், நீ அழுதால் எனக்குப் பேச்சு வருவதில்லை, ஆகவே கடிதம்.

ஐந்து மாதமாக எடுத்த படங்கள் எல்லாம் தவறு என்றாய். செம்புத் தகட்டின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் மூலக்கூறுகளை, தொடாமல், தொடுகிற தூரத்துக்கு ஊசியைக் கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் உன் வேலை என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வால் இருப்பதாகக் கண்டுபிடித்தாய், பெரிய கூட்டத்தில் சொல்லிக் கைதட்டலும் வாங்கினாய், கடைசியில் பார்த்தால் வால் அவற்றுக்கு இல்லை, உன் ஊசி முனையில் வேறொரு மூலக்கூறு ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. இதற்கா இவ்வளவு அழுகை? போன வருடம் நம் கடைக்கு ஒருவர் வந்தார். "சார், எங்க வீட்டுச் சுவரெல்லாம் புழு ஊருது, மருந்து அடிச்சும் போக மாட்டேங்குது" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒரு கீறல். "புழு உங்க மூக்கு மேலதான் சார் குடியிருக்கு" என்றேன். அந்த மனிதர் வெட்கப்படவே இல்லை, சிரித்துக்கொண்டு போனார். நீயும் சிரித்துவிடு.

அப்பா வரச் சொன்னால் வந்துவிடுகிறேன் என்றாய். வா. நம்மிடம் கண்ணாடி போடும் கல்லூரி முதல்வர், வேதியியலில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, மாதக் கடைசி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். உன் கட்டிலின் மேல் குவிந்திருந்த துணியை அம்மா எடுத்தாகிவிட்டது. கிளம்புவதற்கு முன் உன் பேராசிரியரிடம் நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும், ஓடி வந்தாற்போல் இருக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்துச் சாவியை மறக்காமல் கொடுத்துவிடு, நீ எதையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிற ஆள் என்று அம்மா சொல்கிறாள். நீ எங்கே இருந்தாலும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். உடனே பதில் போடு.

இடது கையால் கிறுக்கும்,
உன் அப்பா

அக்கா, இனிமேல் நான். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா படுக்கப் போய்விட்டார், உறையை ஒட்டும் வேலை என்னுடையது, ஒட்டுவதற்கு முன் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். சமையலறை விளக்கை மட்டும் போட்டிருக்கிறேன், அப்பா இருமும் போதெல்லாம் அணைத்துவிடுகிறேன், வரிகள் கோணலாக இருந்தால் அதனால்தான். "அவளே நொந்து போயிருக்கா, நீ வேற எதையாவது எழுதிக் குழப்பி வைக்காதே" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டால் என்ன ஆகுமோ என்று பயம்தான். ஆனாலும் எழுதாமல் ஒட்டினால் கடிதம் கிடைத்ததும் நீ கிளம்பிவிடுவாய் என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

போனைத் தூக்கிப் பிடித்து உன் ஆய்வுக்கூடத்தைக் காட்டினாயே, அதிலிருந்து நான் பழைய மாதிரி இல்லை அக்கா. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்தீர்கள், ஊசி இருக்கிற அந்த எஃகுக் குடம் சுருள்கம்பிகளில் தொங்கியது, "மெதுவாப் பேசுடி, நீ கத்தினா ஊசி ஆடும்" என்றாய், இத்தனை தூரத்திலிருந்து நான் கத்தினால் ஊசி எப்படி ஆடும் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். திரையில் படம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. வெறும் சாம்பல் நிறம், இன்னும் சாம்பல் நிறம், பிறகு ஒரு மேடு. "அதுதான். ஒண்ணே ஒண்ணு" என்றாய். ஒரு சொட்டுத் தண்ணீரில் எத்தனை இருக்கும் என்று கேட்டேன், "எண்ணி முடிக்க உலகத்துல ஆள் பத்தாதுடி" என்றாய். அன்றைக்கு ராத்திரி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றேன், அம்மா திட்டும் வரை. தண்ணீர், உப்பு, நாம் விடுகிற மூச்சு எல்லாமே கூட்டமாகத்தான் நம்மிடம் வருகிறது, ஒன்றை மட்டும் தனியாக யாரும் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தேன். என் அக்கா பார்த்திருக்கிறாள்.

அப்பா உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். நீ அனுப்பிய மூலக்கூறுப் படத்தைச் சட்டம் போட்டு, கடையில், கண் சோதிக்கும் எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். கடைசி வரியைப் படிக்க முடியாதவர்கள் "அது என்ன சார் முத்து முத்தா?" என்று கேட்டால், "அது உங்க கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது, என் பொண்ணுக்குத் தெரியும்" என்பார். நீ அழுத அன்று அதைக் கழற்றினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்துவிட்டு அதே ஆணியில் திரும்ப மாட்டினார். வா என்று அவர் சொல்வது நீ அழுததைத் தாங்க முடியாமல்தான்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடு. எல்லாப் படங்களிலும் வால் ஒரே அளவு, ஒரே பக்கம் என்றாய். அது ஊசியில் ஒட்டிய மூலக்கூறின் உருவம் என்றும் நீயேதான் சொன்னாய். அப்படியானால் கீழே தகட்டில் இருந்த ஒவ்வொன்றும் மேலே ஊசியில் இருந்த அந்த ஒன்றைத்தானே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது? ஐந்து மாதம், ஆயிரக்கணக்கான தடவை, அதே ஒன்று. லாரி போயிருக்கும், மின்தூக்கி ஏறி இறங்கியிருக்கும், யாராவது தும்மியிருப்பார்கள், அது விழவில்லை. ஒரே ஒரு மூலக்கூறோடு அத்தனை நாள் வேறு யார் இருந்திருக்கிறார்கள் அக்கா? இதை யோசித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

மின்சாரத்தால் ஒரு தட்டுத் தட்டி அதை உதறிவிடப் போவதாகச் சொன்னாய். இன்னும் உதறவில்லை என்றால் கொஞ்சம் பொறு. இத்தனை நாளும் அது இருப்பதே தெரியாமல் இருந்தாய், இப்போது தெரியும், தெரிந்துகொண்டு ஒரு தடவை அதைப் பார். பார்த்த பிறகும் வரத் தோன்றினால் வா, மேசையில் பாதியும் ஜன்னல் பக்கமும் உனக்கே தருகிறேன். ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு மட்டும் வராதே.

அப்பாவுக்குப் பதில் எழுதும்போது பின்பக்கத்தைப் பற்றி மூச்சு விடாதே. காலுறை ஓட்டையாகிவிட்டால் புதிதாக வாங்கிக்கொள், தரை குளிரும்.

விளக்கை அணைக்கப் போகும்,
உன் சுண்டெலி