நீங்கள் கேட்டு வாங்கிய ஸ்டூல்

ஆமாம், இன்னும் வேலைக்குத்தான் போகிறேன். வாந்தி நின்றுவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறேன். அத்தைக்கு இடுப்பு வலி குறைந்ததா? இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார்களா? போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை கம்பெனியில், தைத்த பனியன் பீஸ்களைப் பார்க்கும் செக்கிங் டேபிளில் என் இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள். சூப்பர்வைசர் சுரேந்தர் மூலையில் கிடந்த ஸ்டூலைக் காட்டினார்.

"உங்கூட்டுக்காரரு போன் பண்ணுனாருங்க அம்மிணி. இனி நிக்க வேண்டாமாமுங்க. உக்காந்து நூல் பிசிறு வெட்டுங்க, போதும்."

"மகாராணிக்குச் சிம்மாசனம் வந்துருச்சுங்கோ," என்றார் பழனாயி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலைக்குள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஒரேயடியாக உட்காரவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம், நடமாடி வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்னது என்னிடம். நீங்கள் பேசியது சுரேந்தரிடம். என் உடம்பைப் பற்றி இரண்டு ஆண்கள் போனிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். இப்போது டேபிளை விட்டால் பிரசவத்துக்குப் பிறகும் எனக்கு அந்த மூலைதான். இது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் என்னைக் கேட்கவில்லை.

உங்கள் பழைய நீலச் சட்டையை அனுப்புங்கள். என்னுடைய எதற்கும் பொத்தான் போட முடியவில்லை. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடிக்கிறது. இன்று காலை அந்த ஸ்டூலைத் தூக்கிப் போய் செக்கிங் டேபிள் பக்கத்தில் போட்டேன். அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள். கொஞ்சம் நின்றும் கொஞ்சம் உட்கார்ந்தும் பீஸ் பார்த்தேன்.

பிரிசில்லா