அண்ணன் வண்டியின் ஐட்லர் புல்லி

மார்ச் 6, வியாழன்

என்னய்யா, சௌக்கியமா? சாப்பிட்டாயா? உன்னைத்தான் கேட்கிறேன். நீ என்றால் நான்தான், வேறு யார்? கதை சொன்னால் ‘உம்’ கொட்ட இங்கே ஆள் கிடையாது. அண்ணன் இருந்தவரை அவன் கொட்டினான். பாதியில் தூங்கினாலும் கொட்டுவான்.

அவன் போன பிறகு மைதானத்துப் புல்வெட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. அந்த சீட்டிலேயே, வேலைக்கு நடுவில்தான் அவன் உயிர் போனது. மைதானத்து ஓரத்திலேயே வீடு. அண்ணி வீட்டில், நான் வண்டிக் கொட்டகையை ஒட்டிய அறையில்.

வண்டிக்கு அடியில் கத்திகளை மூடிக்கொண்டு ஒரு பெரிய தகர மூடி இருக்கும். டெக் என்பார்கள். கத்தியைச் சுற்றவிட்டதும் அங்கிருந்து ஒரு கீச்சல் கிளம்புகிறது. திருப்பங்களில் ஆள் கத்துகிற மாதிரியே ஏறுகிறது. அண்ணன் கடைசியாக ஓட்டிய நாட்களிலும் இதே சத்தம்தான்.

அது வீட்டுப் பக்கம் வருவதைக் கேட்டதும் அண்ணி இரண்டு டம்ளரில் டீ ஊற்றுகிறார். நான் வாசலுக்கு வந்தால் உள்ளேயிருந்து குரல்: “வந்துட்டீங்களா? ஆறிடப் போவுது.”

என்னை அண்ணி ‘வந்துட்டியா’ என்றுதான் கேட்பார். இது எனக்கான கேள்வி இல்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் அப்படியே. என்னைப் பார்த்ததும் அண்ணி முகம் அணைந்து போகிறது. தினமும் நான்தான் போய் அணைத்துவிட்டு வருகிறேன்.

மார்ச் 10, திங்கள்

உதிரி பாகங்கள் விற்கிற கடைக்காரரை அழைத்து வந்தேன். எல்லாரும் தாடி என்று கூப்பிடுவார்கள். தாடி இப்போது இல்லை, பேர் போகவில்லை. வண்டியை ஓடவிட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

“என்னய்யா இது, நரி வளக்குறியா?” என்று தரையில் படுத்து எட்டிப் பார்த்தார். “ஐட்லர் புல்லி. பேரிங் போயே போச்சு.”

“அது என்ன வேலை செய்யுது?”

“ஒரு வேலையும் செய்யாது. பெல்ட்டு தொய்யாம அழுத்திக்கிட்டு சும்மா சுத்தும். உங்க வீட்டு மாப்பிள்ளைன்னு வச்சுக்கயேன்.”

“எங்க வீட்டுக்கு மாப்பிள்ளையே கெடையாதே.”

“அதான் வண்டியில ஒண்ணு குடுத்திருக்கான்.” சிரித்தவர் உடனே நிறுத்திக்கொண்டார். “வெளையாடாத. மாத்திடு. அது இறுகிச்சுன்னா பெல்ட்டு கருகும். டெக் மேல பூரா காய்ஞ்ச புல்லு. நீ அடுப்பு மேல உக்காந்திருக்க.”

புதுப் புல்லியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. விரலால் சுண்டினால் சத்தமில்லாமல் சுற்றுகிறது. மாட்டவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

எங்கள் சித்தப்பா ஒருவர் இருந்தார். சைக்கிள் மணி திருட்டுப் போய்விட்டதென்று வழியெல்லாம் இருமிக்கொண்டே ஓட்டுவார், ஆட்கள் ஒதுங்கட்டும் என்று. அப்புறம் புது மணி வாங்கினார். இருமல் நிற்கவில்லை. சித்தி சொல்லுவார், “அந்த இருமல் கேட்டாத்தான் எனக்கு உலை வைக்கத் தோணுது” என்று. இதை எதற்குச் சொல்ல வந்தேன்? — ஆமாம். இந்தக் கீச்சலை நான் நிறுத்தினால் அண்ணி எதைக் கேட்டு எழுந்திருப்பார்? அண்ணனை இன்னொரு தடவை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடாதா?

மார்ச் 12, புதன்

மைதானத்தின் தூரத்து மூலை. வேலியில் முட்டிக்கொண்டு அண்ணன் வண்டி நின்ற இடம். அங்கே திரும்பும்போது சீட்டு அழுந்துகிறது. என்னைவிடக் கனமான ஆள் உட்கார்ந்த மாதிரி. கீச்சல் உச்சத்துக்குப் போகிறது. பின்கழுத்து சில்லிடுகிறது.

பயமா? பயம்தான். பிறகு ஏன் அந்த மூலைக்கே போய்ப் போய் வருகிறேன்? வெட்டுவதற்கு அங்கே இப்போது புல்லே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

அந்த மூலையில்தான். கத்திக்கொண்டிருந்தது திடீரென்று அறுத்தாற்போல நின்றது. ரப்பர் கருகுகிற நாற்றம். காலுக்கடியிலிருந்து புகை. நான் — என்ன செஞ்சேன் நான்? ஒண்ணும் செய்யல. அப்படியே உக்காந்திருந்தேன். எந்திரிக்கணும்னே தோணல.

அண்ணி வாளியோடு செருப்பில்லாமல் ஓடி வந்தார். “இறங்குங்க! என்னங்க, இறங்குங்க! கும்புடுறேன், இறங்குங்க!” என் மேலும் வண்டி மேலும் தண்ணீரைக் கொட்டினார். சாவியைத் திருப்பி அணைத்ததும் அவர்தான். அப்புறம் என் முகத்தைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

“நீயா?”

“நான்தான் அண்ணி.”

புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

“அன்னிக்கும் இந்தச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு தம்பி. சீட்ட விட்டு ஆளு எந்திரிச்சாத்தான் எஞ்சின் தானா நிக்குமாமே. சத்தம் கேக்குது, வேலை நடக்குதுன்னு நெனச்சேன். டீ போட்டேன். ஆறிடுச்சுன்னு மறுபடி சுட வச்சேன். எப்பவோ போயிட்டாரு மனுசன். நான் சுட வச்சுக்கிட்டு இருந்தேன்.”

ஈரச் சட்டையைப் பிழிந்தேன். பை தொங்குவதை அண்ணி பார்த்துவிட்டார்.

“பையில கனமா என்ன வச்சிருக்க?”

எடுத்துக் காட்டினேன்.

“மாத்திடு” என்றார்.

மார்ச் 15, சனி

சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழற்றி, டெக்கைத் தாங்குகிற ஊசிகளை உருவி அதை ஒரு பக்கமாக வெளியே இழுத்தேன். கருகிய பெல்ட்டையும், அட்டையாக ஒட்டியிருந்த புல்லையும் சுரண்டி எடுத்தேன். பழைய புல்லியின் நட்டு துருவேறி அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, திட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, கடைசியில் விட்டுக்கொடுத்தது. உள்ளே பேரிங் குண்டுகள் பொடியாகிக் கொட்டின. இதுவா அத்தனை கத்து கத்தியது?

புதுசை மாட்டி, தாடி கடையில் வாங்கி வந்த புது பெல்ட்டையும் போட்டேன். ஆனால் புல்லி உட்கார்ந்திருக்கிற இரும்புக் கையை ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்கு நாலு கை வேண்டும். முக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து இரண்டு கை வந்து ஸ்பிரிங்கைப் பற்றியது. உயிர் போய் வந்தது எனக்கு. அண்ணி.

“உங்க அண்ணனுக்கும் நான்தான் இழுத்துப் பிடிப்பேன்” என்றவர் குனிந்து பார்த்தார். “பெல்ட்ட காவல் கம்பிக்கு வெளியில விட்டிருக்க. ஓடினதும் கழண்டுக்கும். உள்ளாற விடு. அண்ணனும் தம்பியும் இதுல மட்டும் ஒரே மாதிரிதான் முட்டாளுங்க.”

சிரித்தாரா? சிரித்த மாதிரிதான் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

வண்டி முனகுகிறது, அவ்வளவுதான். மூலையில் சீட்டு அழுந்தவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மார்ச் 17, திங்கள்

நான் வந்தது அண்ணிக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “சத்தமே இல்லாம வந்து நிக்கிறியே” என்றார். ராத்திரி சாப்பிடவில்லை. தப்பு செய்துவிட்டேனா?

மார்ச் 20, வியாழன்

காலையில் அண்ணி மைதானத்துக்கு நடந்தே வந்தார், அந்த மூலை வரைக்கும். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வண்டியை அணைத்துவிட்டு எட்டவே நின்றேன். வந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “சத்தம் கேட்டு என்னத்தக் கண்டேன்? இனிமே வந்து பாத்துக்கறேன்” என்றார். “நகரு, நான் ஏறுறேன்.”

ஏறிவிட்டார்! கத்தியைச் சுற்றவிடாமல் எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோணலும் மாணலுமாகப் போகிறார். இப்படித்தான் எங்கள் ஊரில் ஒரு தபால்காரர் முதல் தடவை மோட்டார் சைக்கிள் ஏறி நேராக — இரு, கூப்பிடுகிறார். “தம்பீ! பிரேக்கு எந்தக் காலு? ஓடி வா, வேலி வருது!” வந்துட்டேன் அண்ணி, எடது கால —