பேட்டரியைக் குடித்தது யார், அத்தை?

என் மதிப்புக்கும் வம்புக்கும் உரிய அத்தைக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுகிறேன். போன இடத்திலும் யாரையாவது எழுப்பிவிட்டு முன் சீட்டைப் பிடித்திருப்பீர்கள், தெரியும். பாதியில் குறுக்கே பேசாமல் இதைக் கேளுங்கள். நல்ல சேதிதான்.

ஆடி மாதம் நீங்கள் போனபோது செல்விக்கு மூன்றாம் மாதம். "தலைப்பிரசவம் எங்க சாணார்பட்டி வீட்லதான் மாப்ளே. உங்க பக்கத்து ஆளுக யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று எனக்கு உத்தரவு போட்டீர்கள். அடுத்த வாரமே ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். மாமா எப்போதோ போய்விட்டார். வீட்டைப் பூட்டிச் சாவியை நான்தான் வாங்கி வைத்தேன். தாய் இல்லாத பெண்ணுக்குத் தலைப்பிரசவம் யார் பார்ப்பது? இனி எல்லாம் என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோக என்னிடம் இருந்தது நம்முடைய பழைய கார். அது என்ன செய்தது தெரியுமா? படுத்துக்கொண்டது.

மில்லுக்கு நான் பைக்கில்தான் போவேன். ஞாயிற்றுக்கிழமை காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக்கென்று ஒரு முனகல், அதற்குமேல் ஒன்றுமில்லை. தெருக்காரர்களைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வேன். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார்கள், புதிது போட்டேன். அதுவும் ஒரு வாரத்தில் படுத்தது. வண்டி ஓடும்போது ஒழுங்காகச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அதெல்லாம் நன்றாக ஏறுகிறதாம். அப்படியென்றால் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து குடிப்பது யார்?

செல்விக்கு வயிறு இறங்க இறங்க எனக்குப் பயம் ஏறியது. வலி எடுக்கிற நேரத்தில் வண்டி நின்றால் நிறைமாதக்காரியை உள்ளே வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டித் தள்ளவா முடியும்? வாடகை வண்டிக்குச் சொல்லி வைக்கலாம் என்றேன். அம்மா உட்கார்ந்து போன வண்டியைத் தவிர எதிலும் ஏற மாட்டேன் என்றாள். அந்தப் பிடிவாதம் யார் கொடுத்த சீதனம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்கழிக் கடைசியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அந்தோணி அண்ணனை வீட்டுக்கே கூட்டி வந்தேன். அவர் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினார். சாவி என் பையில் இருக்கிறது, விளக்கு ஒன்றும் எரியவில்லை. ஆனாலும் கரண்டு போய்க்கொண்டிருக்கிறது என்று மீட்டர் காட்டியது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எதைப் பிடுங்கும்போது மீட்டர் இறங்குகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. எல்லாவற்றையும் பிடுங்கியும் மீட்டர் அசையவில்லை.

"தம்பி, ஃபியூஸுக்கு வராம பேட்டரில இருந்து நேரா எதுக்காச்சும் ஒயர் இழுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் இல்லவே இல்லை என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். கால் கடுக்கிறதென்று செல்வி வந்து முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முட்டியில் ஏதோ சுடுகிறது என்று குனிந்து தடவினாள். டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டியிருந்த உங்கள் பாட்டுப் பெட்டி, அத்தை.

ஞாபகம் இருக்கிறதா? யார் யாரோ ஏறிய பழைய வண்டி, சாமி பாட்டு ஓடினால்தான் ஆச்சு என்று பழனியிலிருந்து வாங்கி வந்தீர்கள். கடைக்குள் போகும்போது நான் சாவியை எடுத்துப் போய்விடுகிறேனாம், பாட்டு இல்லாமல் நீங்கள் வெயிலில் காய்கிறீர்களாம். எனக்குத் தெரியாமல் யாரையோ பிடித்து பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்க வைத்த கெட்டிக்காரி நீங்கள்.

செல்வி பெட்டியின் திருகைக் கூட்டினாள். "முருகா, முருகா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

உங்களைத் தூக்கிய அன்று, துக்க வீட்டு வண்டியில் பாட்டு என்ன பாட்டு, வருசம் கழியட்டும் என்று என் பெரியம்மா அதைத் திருகி வைத்தார். சத்தம் நின்றதும் விட்டுவிட்டார். இன்னும் கொஞ்சம், 'டக்'கென்று கேட்கிற வரைக்கும் திருகினால்தான் அது நிற்கும் என்பது உங்கள் ஒருவருக்குத்தானே தெரியும்? அன்றிலிருந்து அது ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"எங்கம்மா இம்புட்டு நாளும் வாய மூடிக்கிட்டுப் பாடிக்கிட்டே இருந்திருக்கு" என்றாள் செல்வி. சிரித்தாள், அப்புறம் அழுதாள். எனக்கும் அன்றைக்கு உங்களை ரொம்பத் தேடியது. சண்டைக்காவது ஆள் வேண்டுமே.

பெட்டியைக் கழற்றிவிடட்டுமா என்று அண்ணன் கேட்டார். கையை வைக்காதீங்க என்று சொன்னது நான். சாவி போட்டால் மட்டும் பாடுகிற மாதிரி ஒயரை மாற்றிக் கொடுத்தார். வருசம் இன்னும் கழியவில்லையே என்று பெரியம்மா இழுத்தபோது, அது பாடட்டும் என்று செல்வி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை, அடுப்பில் வெஞ்சனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வலி எடுத்தது. அவளை ஏற்றிவிட்டுச் சாவியைப் போட்டேன். முதலில் "முருகா" என்றது, அப்புறம் இன்ஜின் உறுமியது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

பெண் குழந்தை. சாட்சாத் உங்கள் மூக்கு. தாயும் பிள்ளையும் சுகம்.

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கன்னிவாடிக்குப் போகவில்லை, அத்தை. மில்லில் லீவு சொல்லிவிட்டேன். சாணார்பட்டி வீட்டைத் திறந்து, கழுவி, வெள்ளையும் அடித்தாயிற்று. உங்கள் பேத்தியை முதலில் உங்கள் வாசலில்தான் இறக்குவேன். அவர்கள் இருவரும் பின்னால் உட்காருவார்கள், முன் சீட்டு உங்களுக்கு. வாசலில் போய் நின்றதும் இறங்குங்கள் என்று அவசரப்படுத்த மாட்டேன். பாட்டு முடிகிற வரைக்கும் சாவியை எடுக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் அப்பன்